சுவரோரக் கட்டில்

அறையில் எட்டுக் கட்டில்.
ஏழுக்கு வாடகை இருபது தினார்.
சுவரோரக் கட்டிலுக்குப் பதினைந்து.
ஏன் குறைவென்று நான் கேட்கவில்லை.
ஐந்து தினார் என்பது
மகளின் பள்ளி வேனுக்கு ஒரு மாதம்.

முஹரக்கில் பழைய வீடு,
கடலில் வெட்டிய பவளக்கல்லில் கட்டியது.
கல் இன்னும் கடலை விடவில்லை.
முழங்கால் உயரம்வரை உப்புப் பூத்து உதிரும்.
அதற்குமேல் கறுப்பு:
முதலில் மிளகு தூவினாற்போல,
ஜூலை முடிவதற்குள் விரித்த கையளவு,
பிறகு நான் அளப்பதை விட்டுவிட்டேன்.

இங்கே தூறல் விழுந்தாலே
தெருவெல்லாம் செல்போனை உயர்த்தும்.
ஆனாலும் சுவர் நனைகிறது.
காரணம் எனக்குத் தெரியும், நான் ஏசி மெக்கானிக்.
ஆகஸ்ட் காற்றில் பாதி கடல்.
குளிர்ந்த சுவரைத் தொட்டதும்
சுமையை அங்கேயே இறக்கிவிடும்,
சோடா பாட்டில் வியர்ப்பதுபோல.
அதோடு எட்டுப் பேரின் மூச்சு,
உள்ளேயே காயும் எட்டுப் பேரின் சட்டை.
பகலில் ஹோட்டல்களில்
இந்த ஈரத்தைத்தான் துரத்துகிறேன்;
ஃபில்டரைக் கழற்றிக் கழுவி,
வடிகுழாயின் அடைப்பை வாயால் ஊதி.
இரவில் வந்து
வடியாத ஏசிக்கு அடியில்
பெயிண்ட் டப்பாவை நகர்த்தி வைத்துப் படுக்கிறேன்.

எனக்கு முன்பு இதில் கிடந்தவன்
லூர்து சேவியர், இடிந்தகரைக்காரன்.
மெத்தைக்கடியில் அவனுடைய இன்ஹேலர் இருந்தது.
நீல நிறம். குலுக்கினேன். காலி.

முதலில் மூக்கு,
பிறகு வெங்காயம் நறுக்காமலே கண்.
மூன்றாம் மாதம்
விடியற்காலை மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ குக்கர் வைத்தார்கள்.
விசிலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
படுத்தால் இன்னும் இரண்டு கூடும்.

கிளினிக்கில் கேட்டார்கள்:
சிகரெட் உண்டா, சிமென்ட் வேலையா,
குடும்பத்தில் யாருக்காவது இழுப்பா?
படுக்கும் இடம் ஈரமா என்று கேட்கவில்லை.
பாலைவனத்தில்
படிவத்தில் அதற்கொரு கட்டம் கிடையாது.

விடுப்பில் போன ஒன்பதாம் இரவு
இருமல் நின்றது.
தூதுவளை ரசம்தான் என்றாள் அமலி.
ரசத்தின் பெருமையை நான் கெடுக்கவில்லை.
திரும்பி வந்த நான்காம் இரவு
குக்கர் அடுப்பேறியது.

பலதியாவிலிருந்து ஆள் வருகிறார் என்று
கேர்டேக்கர் அஷரப் ஒரே இரவில் வெள்ளையடித்தார்.
பத்தொன்பது நாள் சுவர் மணப்பெண்ணாக நின்றது.
இருபதாம் நாள்
அதே இடத்தில், அதே விரல்களோடு,
உள்ளிருந்து கை வைத்தது.

வெள்ளிக்கிழமைகளில்
எங்கள் சந்துக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள்.
முத்துக் குளித்தவர்களின் தெருவாம்.
எவ்வளவு நேரம் மூச்சடக்கினார்கள் என்று
வழிகாட்டி சொல்லத் தொடங்குகையில்
வாசற்படியில் எனக்கு இருமல் வந்தது.
அவர் மரியாதையாகக் காத்திருந்தார்.
முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

ஹோட்டலில் மிஞ்சிய குழாய் ஒரு முழம்
கேட்டு வாங்கி வந்து வடிகால் போட்டேன்.
டப்பா காய்ந்தது.
கல் காயவில்லை.

நேற்று கதவோரக் கட்டில் காலியானது.
ஐந்து தினார் கூடக் கொடுத்து மாறிவிட்டேன்.
மாலையே புது ஆள், என் வயதுதான்,
மணமேல்குடி, பெயர் சீனி நைனா.
பெட்டியை இறக்காமலே கேட்டான்:
"இதுல எது வாடகை கம்மி?"

எழுவரும் செல்போனைப் பார்த்தோம்.
நான்தான் கையைக் காட்டினேன்.
பிறகு எழுந்துபோய்
கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப்போட்டேன்.
"இந்தப் பக்கம் தலைவச்சுப் படுங்க" என்றேன்.
அவன் நன்றி சொன்னான்.

இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டேன்.
இருமியது யாரென்று
இருட்டில் தெரியவில்லை.