வதிவிடம் என்ற கட்டத்தில்

கறுப்பு மையினால் மாத்திரம் நிரப்பவும் என்றிருந்ததைப்
பார்க்காமல் நீலத்தில் தொடங்கிவிட்டேன்.
ஆகவே இரண்டாவது படிவம்.
ஆகவே கொம்பனித்தெருவிலிருந்து வார்ட் பிளேஸுக்கு
இரண்டாவது நடை,
லிப்டன் சுற்றுவட்டத்தில் வெயில் நின்று கொதிக்க.

முழுப்பெயர்: துவான் ஜுனைதி சால்டின்.
தொழில்: லான்ஸ் கோப்ரல், மருத்துவப் படையணி.
விண்ணப்பிக்கும் பீடம்: மருத்துவம்.
இதுவரைக்கும் கை நடுங்கவில்லை.
ஊசி போடும் கை.

நிரந்தர வதிவிடம்.

எங்கள் வீடு இருந்த ஒழுங்கையில்
இப்போது நாற்பத்தாறு மாடி நிற்கிறது.
மா பாபத் சமைத்த அடுப்பு
அநேகமாய் அதன் கார்த் தரிப்பிடத்துக்குக் கீழே.
பதிலுக்குக் கிடைத்த தொடர்மாடியில்
லிஃப்ட் வேலை செய்யும் நாட்களில்
அவவுக்கு முழங்கால் வலி குறைவு.

கிராம சேவகர் இடாப்பைப் புரட்டினார்:
"தம்பிட பேர் வெட்டியிருக்கு.
ஆமியில எண்டு எழுதி வெட்டியிருக்கு."

எழுதுவினைஞர் சார்ஜன்ட் சோமதிலக சிங்களத்தில் சொன்னார்:
முகாம் வீடு இல்லை தம்பி, அது கடமை.
பிறகு என் இசட் புள்ளியைப் பார்த்தார்.
கொழும்புக்கு ஒரு மயிரிழை குறைவு.
முல்லைத்தீவுக்கென்றால்
மிச்சமே இருக்கிறது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
அவரே கடிதம் அடித்தார்:
மூன்று வருடமும் இரண்டு மாதமும்
இடைவிடாது அங்கு வசித்தார்.
நல்ல மனிதர்.
முத்திரை காயட்டுமென்று ஊதியும் தந்தார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.
வீரைமுறிப்பு முகாமின் கிணற்றில்தான்
அத்தனை நாளும் குளித்தேன்.
அங்கேதான் ஓர் இரவு,
பாம்பு கடித்த பையனோடு ஜீப்பின் பின்புறத்தில்
சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி
டொக்டர் இருக்கிற ஊர்வரை போனேன்.
போத்தல் முடியவில்லை.
பையன் முடிந்துவிட்டான்.
உயர்தரப் புத்தகங்களை
அடுத்த கிழமை தபாலில் எடுப்பித்தேன்.

அங்கேதான் வதனியும்.
தாயின் கால் புண்ணுக்கு
நான் துணி மாற்றி முடிக்கும்வரை
மருந்தகப் படியில் இருப்பாள்,
மடியில் உயிரியல் கொப்பி.
என் தலையணைக்குக் கீழேயும் அதே பாடம்.
நெஃப்ரோனில் நான் தடுக்கி விழுந்த இடத்தைப்
புழுதியில் குச்சியால் கீறிக் காட்டியவள் அவள்.

வீடு எங்கே என்று ஒருநாள் கேட்டேன்.
குச்சியை எனக்குப் பின்னால் நீட்டினாள்.
"அந்தக் கிணறு எங்கட.
நீங்கள் மருந்து அடுக்கி வச்சிருக்கிறது சாமியறை.
இப்ப இருக்கிற தகரக் கொட்டில் தற்காலிகம்.
ஃபோம் வந்தா நான் இதைத்தான் எழுதுவன்."
"பேசாமல் இரடி" என்றா தாய்.
நான் பஞ்சை நனைத்தேன்,
ஏற்கெனவே நனைந்திருந்த பஞ்சை.

அந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று தெரியும்.
இந்தக் கூடத்தின் முதல் வரிசை நாற்காலிகள்கூட
அதைவிட அதிகம்.

இலக்கம் அறுபத்தெட்டு.

"எந்த மாவட்டம்?" என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்தவர்,
இரத்த வகை கேட்கிற குரலில்.
கடிதம் சட்டைப்பையில்.
வியர்வைக்கு அது நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

"மிஸ், ரெண்டு பேர்
ஒரே விலாசத்தப் போட ஏலுமா?"

அவர் முதல்முறையாக நிமிர்ந்தார்.
"ஏன், ஒரே வீட்டுப் பிள்ளைகளா?"

பின்னால் லைன் இருமியது.
பேனை மூடியைத் தேடுகிறவன்போல் குனிந்தேன்.
அது என் கையில்தான் இருந்தது.