யும்மா

ஜஹ்ரா சுகாதார நிலையம்,
ஏழாம் எண் அறை, தடுப்பூசி.
வியாழக்கிழமை தலால் வந்தாள்.
ஒன்றரை வயது. காதில் பொட்டுத் தங்கம்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.

மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு
அவள் தாய் சொன்னாள்: யும்மா, யும்மா.
அப்படியென்றால் அம்மா.
பெற்றவள் பிள்ளையை அம்மா என்கிறாள்.
குவைத்துக்கு வந்த புதிதில் நினைத்தேன்,
ஊசி பிள்ளைக்கு, பயம் இவளுக்கு,
தன் தாயைக் கூப்பிடுகிறாள் என்று.

பிறகுதான் என் வாயை நானே கேட்டேன்.
பஞ்சால் துடைத்துக்கொண்டே
"ஒண்ணுமில்லம்மா, ஆச்சும்மா, முடிஞ்சிருச்சும்மா."
எத்தனை பேரை அம்மா ஆக்கியிருக்கிறேன்,
பாதிப் பேருக்குக் கழுத்தே நிற்காது.

அறைத்தோழி மாரிவிக் கதை வேறு.
டூட்டி முடிந்து நான் போனில்
"சாப்பிட்டியாப்பா? சளி போயிருச்சாப்பா?
கடவாப் பல்லு வந்துருச்சாப்பா?"
அப்பா என்றால் என்னவென்று
பக்காலாக்காரரிடம் விசாரித்துக்கொண்டு,
பாவம், ஒரு மாதம்
வெள்ளிக்கிழமைப் பூசையில்
என் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.
கடைசியில் கேட்டே விட்டாள்:
"அந்த வயதில் பல் முளைத்தால்
அற்புதமா, வியாதியா?"

சிரித்துப் புரையேறியது.
விளக்கத்தான் வரவில்லை.
பிள்ளை எடுத்து மாட்டிக்கொண்ட
பெரியவர் சட்டை மாதிரி அந்தச் சொல்,
முழங்காலுக்குக் கீழே தொங்கும்,
கழற்றத்தான் மனசு வராது.
இதைப் போய் எந்த மொழியில் சொல்ல?

தலாலுக்கு ஊசி இறங்கியது.
அவள் கத்தினாள்: யும்மா!
தாய் சொன்னாள்: யும்மா.
யும்மா, யும்மா, யும்மா.
கண்ணை மூடிக் கேட்டால்
யார் மடியில் யார் என்று தெரியாது.
அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தேன்.
இன்னொரு செருப்பு
நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

அன்று சாயங்காலம்
தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
ஜோவினுக்கு ஐந்து முடிந்துவிட்டது.
திரையில் ஒரு காது மட்டும் தெரிந்தது.
"என்னப்பா பண்றே?" என்றேன்.

"அப்பாவா?
அப்பா குளிக்கிறாங்க.
வந்ததும் பேசச் சொல்லவா?"