பின் சில்லு

மணலில் ஜாக் நிற்காது.
நஸ்ரின் டீச்சரிடம் பழைய கதவுப் பலகை ஒன்று வாங்கி
அலஸ்தோட்டத்து முற்றத்தில் படுக்கப் போட்டேன்.
முன் சில்லுகளுக்கு முண்டு,
குளியலறை கட்டவென்று வாங்கி
கட்டாமலே கல்லாய்ப்போன சீமெந்துப் பைகள்.

கராஜுக்கென்று வைத்த காசு
உம்முடைய தம்பியின் வள்ளத்து எஞ்சினுக்குப் போனது.
போனதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குப் பிறகு தெரிந்ததைப்பற்றித்தான் சொன்னேன்.
அது வியாழன்.
இன்று ஞாயிறு.
இடையில் இந்த வீட்டில் பேசியது
மீன்காரரின் ஹோர்ன் மட்டும்.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டை இளக்கவேணும்.
ஹாண்ட் பிரேக்கை இறக்கிவிடவேணும்.
பின்பக்கம் கை வைக்கமுதல்
பிடித்திருப்பதை விட்டுவிடவும் என்கிறது கையேடு;
எழுதினவர் கலியாணம் கட்டாதவர்போல.

கழட்டினால் உள்ளே கடல்.
எட்டு வருஷத்து உப்புக்காற்று
டிஸ்க்கின் விளிம்பில் கறளாய் ஏறி
செதில் செதிலாய்க் கொட்டுகிறது.
கலிப்பரைக் கம்பியில் கட்டித் தூக்கிவைத்தேன்.
ஹோஸில் தொங்கவிடக்கூடாது.
பேட் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்க,
வெளிப்பக்கத்தது பாதிக்குமேல் மிச்சம்.
உள்பக்கத்தது வெறும் தகடு.
வழுக்கவேண்டிய ஊசி இறுகிப்போய்
எத்தனை மாசமோ
ஒன்றே எல்லாத்தையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது.
உமக்குக் காட்டவேணும் என்று நினைத்தேன்.
காட்டவில்லை. வாசற்படியில் வைத்தேன்.
தேத்தண்ணியோடு வந்தவர்
அதைத் தாண்டாமல் கொஞ்சநேரம் நின்றீர்.

டிஸ்க் அசையவில்லை.
சுத்தியலுக்கு வேலிக் காகங்கள் எழும்பினதுதான் மிச்சம்.
பிறகுதான் கண்ணில் பட்டது,
கறளுக்குள் புதைந்து இரண்டு துளை, புரி வெட்டினது.
எட்டு மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு
இதில் அரைச்சுற்று, அதில் அரைச்சுற்று,
இதில் கால்சுற்று
ஒரு வெடிச்சத்தம்.
ஜன்னலில் உம்முடைய முகம்.
கழன்றது டிஸ்க்தான்.

முன் பிஸ்டன் அமத்தினால் உள்ளே போகும்.
பின் பிஸ்டன் அப்படியில்லை,
பலம் காட்டினால் உடைந்தே போகும்.
குறட்டின் மூக்கை அதன் பள்ளத்தில் வைத்து
வலப்பக்கம் திருகித் திருகி,
ரப்பர் கிழியாமல்,
அரை மணித்தியாலம்.

புது டிஸ்க்கின் எண்ணெயைத் துடைக்க
என் முகம் அதில் மங்கலாய்த் தெரிந்தது,
கன்னத்தில் கறுப்போடு.

மற்றச் சில்லும் இதே பாடு.
வெயில் சுவரைத் தாண்டிவிட்டது.

பிரேக் ஒயில் கறுத்துக் கிடந்தது.
பழசை வெளியே விட ஒரு ஆள் வேணும்,
பெடலில் ஒரு கால்.
நான் கேட்கவில்லை.
நீர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ஏறி இருந்துவிட்டீர்.

"அமத்தும்."
"அமத்திட்டன்."
"பிடியும்."
"பிடிச்சிருக்கிறன்."
குழாயில் கோப்பி நிறம், ஒரு குமிழி,
பிறகு தேன் நிறம்.
நிப்பிளை இறுக்கிவிட்டு,
"விடும்."
மூன்று நாளில் முதல் கதை அது.
இருபது தடவை சொன்னோம்.
பன்னிரண்டே போதுமாயிருந்தது.

பின்னேரம் நிலாவெளி றோட்டில்
ஐம்பதுக்கு ஏற்றி, பத்துக்கு இறக்கி,
திரும்ப ஏற்றி,
பேட்டும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பழகட்டும் என்று ஓட்டினேன்.
புதுப் பேட் எரிகிற மணம்.
கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினீர்.
உவர்மலை இறக்கத்தில் ஒருதரம் பார்த்தேன், சரி.

இருட்டினபிறகு கோட்டைப் பக்கம் திரும்பும்போது
ஒரு மான்,
லைட் வெளிச்சத்தில், நடு றோட்டில்,
யாரோ கிழித்துப்போட்ட போஸ்டரை மென்றுகொண்டு.
அமத்தினேன்.
இழுக்கவில்லை, கீச்சிடவில்லை,
கார் நேராக நின்றது.
மான் எங்களைப் பார்த்துவிட்டு
மிச்சப் போஸ்டரோடு தன்பாட்டில் போனது.

பக்கத்து இருக்கையில்,
பெடலே இல்லாத இடத்தில்,
உம்முடைய வலது கால் இன்னும்
அமத்திக்கொண்டே இருந்தது.

"விடும்" என்றேன்.