எதிர்த்தறி

டண்டீயில் சணல் ஆலைகள் ஓடிய காலத்தில்
தறிக்கூடத்துக்குள் பேச்சு என்று ஒன்று கிடையாது.
இருநூறு தறிகளின் இரைச்சலில்
குரல் பிறந்த இடத்திலேயே செத்துவிடும்.
ஆகவே உதடுகளைப் படித்தோம்.
எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது,
எவள் புருஷன் கூலியைக் குடித்துத் தீர்த்தான்,
மேஸ்திரி எந்தப் பக்கமாக வருகிறான்,
எல்லாம் நாடா ஒருமுறை ஓடித் திரும்புவதற்குள்.

எஃபி கின்னியர் எனக்கு எதிர்த்தறி.
அவளுக்கு வாய் பெரிது,
நாற்பதடி தள்ளி நின்றாலும் எழுத்து எழுத்தாகத் தெரியும்.
ஒரு மார்ச் மாதக் காலையில்
அந்த வாய் ஒரே சொல்லைச் சொன்னது:
நிறுத்து.
வரிசை வரிசையாக அது நடந்துபோய்
கடைசித் தறியும் நின்றபோது
காதுக்குள் ஏதோ விழுந்து உடைந்த மாதிரி இருந்தது.
அமைதி என்பது அதுதான் என்று
எங்களுக்கு உடனே புரியவில்லை.

பதினோரு வாரம் ஓட்ஸ் கஞ்சி, கடன் ரொட்டி.
மணிக்குக் கால் பென்னி கூட்டி வாங்கினோம்.
சங்கச் செயலாளர் ஆனாள்.
ஒரு தொப்பி வாங்கினாள்.
பிறகு லண்டன் ரயில்.
தொப்பிக்குக் காசு போட்டவர்களில் நானும் உண்டு,
ஆறு பென்னி, சங்க நோட்டில் இருக்கிறது.

முதல் கடிதம்:
"இங்கே எல்லோரும் கத்துகிறார்கள், ஐசோபெல்.
நான் எதிர்வரிசை உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
'நெசவுக்காரி உட்கார்ந்தால் சாப்பிடப் போகலாம்' என்று
அமைச்சர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்.
ஐயா தாராளமாகப் போகலாம்,
எனக்கு இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்றேன்.
அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!"
அதை முப்பது பேருக்குப் படித்துக் காட்டினேன்,
தறி ஓட ஓட, சத்தமில்லாமல்.

தூசியை உறிஞ்சும் விசிறிகள் வந்தது அவளால்தான்.
அதை நான் மறுக்க மாட்டேன்.

ஏழாம் வருஷம்.
கல்கத்தாக் கோணி மலிவாக வந்து இறங்க
வழிவிடும் மசோதா ஒன்று.
கட்சி எந்தக் கதவைக் காட்டியதோ
அந்தக் கதவு வழியே நடந்தவர்களின் பட்டியல்
செய்தித்தாளில் வந்தது.
'கே' வரிசையில் விரல் வைத்துத் தேடினேன்.
இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மேல்தளத் தறிகள் நின்றன.
இந்த முறை
நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

நகர மண்டபத்துக்குப் பேச வந்தாள்.
உலகச் சந்தை, தவணை முறை, மாற்று வேலைக் குழு.
கடைசி வரிசையில் நின்று
உதட்டை மட்டும் அசைத்தேன்:
ஏன்?

பேச்சு ஓரிடத்தில் தட்டியது.
கையுறை போட்ட கையை எடுத்து
வாயை மூடிக்கொண்டு இருமினாள்.
மண்டபத்துக்கு அது இருமல்.
ஆலையில் நாங்கள் வாயைப் பொத்துவது
அடுத்தவள் படித்துவிடக் கூடாது என்பதற்கு.

தேர்தல் வந்தது.
அவளுக்குத்தான் போட்டேன், கேட்பவர்களிடம் மறைப்பதில்லை.
எதிர்த்து நின்றவர் நல்ல மனிதர், வழக்கறிஞர்.
அடர்ந்த மீசை.
அதற்குப் பின்னால் என்ன சொல்கிறார் என்று
எனக்கு எப்படித் தெரியும்?