படியில் உறைந்த கேரட்

பெய்தது மழைதான்.
தொட்ட இடத்தில் கண்ணாடியாகிவிட்டது.
கம்பி, கிளை, தெருவில் நிறுத்திய கார்,
எல்லாவற்றுக்கும் ஒரு விரற்கடை தடிமனில் உறை.
செவ்வாய் இரவு தெருக்கோடி மின்மாற்றி
ஒருமுறை நீலமாகச் சிமிட்டியது.
கிரான்பி முழுக்க இருட்டு.

கியூபெக்கில் எல்லாமே மின்சாரம்.
வடக்கே ஆறுகளை மறித்து
மலிவாகத் தருகிறார்களே என்று
அடுப்பும் அதில், வெந்நீரும் அதில், கதகதப்பும் அதில்.
இப்போது அடுப்பு என்பது
நான்கு கறுப்பு வட்டங்கள்.
அதன்மேல் தொப்பியையும் கையுறையையும் கழற்றி வைத்தேன்.

முதல்நாள் டப்பா மீன்.
மறுநாள் குளியலறை மெழுகுவத்திகளை ஒன்றுகூட்டி
மேலே குவளையில் தண்ணீர்.
ஒரு மணி இருபது நிமிடம்.
காப்பி என்று பெயர் வைத்துக் குடித்தேன்,
லாவெண்டர் வாசத்தோடு.

அப்புறம்தான் நினைவு வந்தது அந்தப் பெட்டி.
நார்மனின் அத்தை கல்யாணத்துக்குத் தந்த
ஃபாண்டூ சட்டி.
சிவப்பு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு,
ஸ்பிரிட் ஊற்றும் குட்டி விளக்கு,
நுனியில் நிறம் தீட்டிய ஆறு முட்கரண்டி.
சீஸ் உருக்கி ஆறு பேர் கூடித் தின்னவாம்.
பதினோரு வருடத்தில் ஆறு பேர் கூடவில்லை.
பல நாள் இரண்டு பேரே கூடவில்லை.
பிரிந்தபோது நார்மன் தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டான்.
சட்டியை அவனும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

விரல்நக அளவு சுடர்.
பொறுமை இருந்தால் அதிலும் பார்லி வேகும்.
நான் பொறுமைசாலி அல்ல;
வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

மேல்மாடியில் ஓனெசிம் திபோ,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்.
பால்கனியில் கரியடுப்பு.
ஃபிரீசர் செத்துவிட்டது, இறைச்சி கெட்டுப்போகும் என்று
மைனஸ் பத்தில் நின்று கவலைப்பட்ட மனிதர்.
வியாழக்கிழமை அத்தனையையும் சுட்டு,
வாளியில் கயிறு கட்டி
எனக்கும் கீழ்வீட்டுக்கும் இறக்கினார்.
மூஸ் மான் தொடை. வெளியே கரி, நடுவில் பனிக்கட்டி.
நன்றி என்று மேல்நோக்கிக் கத்தினேன்.

வெள்ளிக்கிழமை காற்று திரும்பியது.
பால்கனியில் எவராலும் நிற்க முடியாது.
என் சூப் அப்போதுதான் முதல் குமிழி விட்டது.
மேலே இருமல் கேட்கவில்லை.
இருமாத ஓனெசிமை நான் அறியேன்.
குழாய் நுழையும் ஓட்டை வழியாகக்
கரி வாசம் மட்டும் வந்தது,
வெளியிலிருந்து வரவேண்டிய வாசம்.

சட்டியோடே ஓடினேன். ஏன் என்று இன்றும் தெரியாது.
வெளிப்படிக்கட்டு, படிக்குப் படி கண்ணாடி,
ஒரு கை கைப்பிடியில், ஒரு கையில் சூப்.
தட்டினேன். கூப்பிட்டேன்.
கெட்ட வார்த்தை சொல்லியும் கூப்பிட்டேன்.
பிறகு சூப்பைக் காலடியில் கொட்டிவிட்டுச்
சட்டியால் கதவின் கண்ணாடியை அடித்தேன்.
அத்தையின் பரிசு நல்ல கனம்.

சமையலறை நடுவில் கரியடுப்பு, கனன்றுகொண்டு.
ஜன்னல் இடுக்கெல்லாம் துண்டு செருகிக்
காற்று புகாமல் அடைத்திருந்தார், கெட்டிக்காரர்.
கம்பித்தட்டில் நான்கு சாசேஜ்,
சொன்னால் பாவம், அவ்வளவு பதமாக வெந்திருந்தன.
தரையில் அவர். கன்னம் செக்கச்செவேல் என்று,
நல்ல ஆரோக்கியம்போல.

காலைப் பிடித்து இழுத்தேன்.
வாசல் நிலையில் தலை ஒருமுறை இடித்தது.
பனிக்காற்றில் வாந்தி எடுத்தார்,
கண்ணைத் திறந்தார், கதவைப் பார்த்தார்,
கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பது என்றார்.
அப்போதுதான் நான் அழுதேன்.
தீயணைப்புக்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.
சாசேஜை அவர்களில் ஒருவன் எடுத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள், நடு இரவில், மின்சாரம்.
அணைக்க மறந்த பின்பக்க வட்டம்
தானாகச் சிவந்து
என் இடக்கைக் கையுறை கருகியது.

சட்டியின் விளிம்பில் எனாமல் பெயர்ந்திருக்கிறது.
சூப் மட்டும் எங்கும் போகவில்லை.
மார்ச் கடைசிவரை, மேல்படியில்,
பனிக்கு அடியில்,
பார்லியும் கேரட் வில்லைகளும்
கொட்டிய கணத்தில் எப்படிச் சரிந்தனவோ அப்படியே.
மற்ற படிகளுக்கெல்லாம் உப்புத் தூவிய ஓனெசிம்
அதை மட்டும் விட்டுவைத்தார்.
தாண்டித்தான் இறங்குவார், ஒவ்வொரு காலையும்,
இருமிக்கொண்டு.