கசிவுப் பதிவேடு

சுவாவ்கியில் வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே, பாலாடைக்கட்டி அலமாரிக்குக்
குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறார் ஸெனோன் குரிவோ.
"ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா, யாத்விகா?"
ஜனவரிதோறும் கேட்பார்.
ஜனவரிதோறும் நானும்
முதல்முறை கேட்பவள் போலச் சிரிப்பேன்.

இந்த முறை கேட்கவில்லை.
மேசைமேல் கடிதம், அதன்மேல் மூக்குக்கண்ணாடி.
இனி இந்த எந்திரத்துக்குப் புது வாயு கிடையாது.
இருப்பதைக் கறந்தெடு,
எடை போடு, எழுது, அனுப்பு.
"பதினான்கு வருடம் கறந்த மாட்டை
மடியோடு திருப்பிக் கேட்கிறார்கள்" என்றார்.

ரிமாஸ் உருளையைத் தராசில் ஏற்றினான்.
எல்லைக்கு அப்பால் மரியம்போலேயிலிருந்து வருகிறவன்;
எண்களைப் போலிஷில் சொல்வான்,
வசவுகளை லித்துவேனியனில்.
பன்னிரண்டு. முப்பத்தொன்று. நாற்பத்தாறு.
நாற்பத்தேழில் முள் நின்றுவிட்டது.
இரண்டு மொழியிலும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பதிவேட்டைப் புரட்டினேன்.
தொடக்கத்தில் ஐம்பத்தெட்டு கிலோ.
பிறகு நாலு. பிறகு மூன்று. ஒரு கோடையில் ஆறு.
கூட்டிக் கழித்தால்
இருபத்து நாலு கிலோ இந்தக் கடையைவிட்டு
பில் போடாமல் வெளியேறியிருக்கிறது.
நிறமில்லை, சத்தமில்லை.
கரியமிலக் கணக்கில் அதன் ஒவ்வொரு கிலோவும்
நாலாயிரத்துக்குச் சற்றே குறைவு.
அவ்வளவு புகைக்கு என் பழைய ஸ்கோடாவை ஓட்டியிருந்தால்
நிலாவுக்குப் போய்
பாதி வழிக்குமேல் திரும்பி வந்திருப்பேன்.

"செஸாரிதான்" என்றார் ஸெனோன்.
அக்காள் மகன். தள்ளுவண்டியால் அலமாரியை இடித்தவன்.
அந்த ஆறு கிலோவின் விலையை
அவன் சம்பளத்தில் பிடித்தார்.
இலை உதிர்வதற்குள் பையன் கிளம்பிவிட்டான்.

மூன்றாம் அலமாரியின் பின்தகட்டைக் கழற்றினேன்.
எந்தத் தள்ளுவண்டியும் எட்டாத மூலை.
ஒரு மரையைச் சுற்றி எண்ணெயும் தூசியும்
புண்ணின் பொருக்காய் இறுகியிருந்தன.
துடைத்தேன்.
பச்சைக் கோடு.
இந்த ஊரில் இறுக்கிய மரைக்குப்
பச்சையில் கோடு போடுகிற மெக்கானிக்
ஒருத்திதான்.

பக்கம் முப்பத்தொன்று:
வால்வு மாற்றப்பட்டது. மூட்டு இறுக்கப்பட்டது. கசிவில்லை.
கீழே என் கையெழுத்து,
வாலைச் சுழற்றிக்கொண்டு.
அன்றைக்கு என்ன அவசரமோ.
யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.
குளிரில் விறைத்த விரலா, அடுத்த கடையின் அழைப்பா,
ஒன்றுமே இல்லையா.

"எல்லாம் பழைய இரும்புக்குத்தானே போகிறது" என்றான் ரிமாஸ்,
மரையைப் பார்க்காமல்.

மரையையும் ஏட்டையும் கொண்டுபோய்
ஸெனோனின் மேசையில் வைத்தேன்.
நெடுநேரம் படித்தார். ஒரே வரிதான் அது.
"செஸாரி இப்போது எல்ப்லாங்கில் லாரி ஓட்டுகிறான்" என்றார்.
எழுந்துபோய்
வெண்ணெய்ப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்,
ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றை.

மார்ச்சில் புதுக் குழாய்கள் வந்தன. தடித்த சுவர்.
"ஊரே திட்டுகிற கரியமில வாயுவா
இனி என் வெண்ணெயைக் குளிர்விக்கும்?"
அதேதான். கசிந்தால் அதன் ஒரு கிலோ
ஒரு கிலோ மட்டுமே.
ஆனால் உள்ளே லாரிச் சக்கரத்தைப்போலப்
பத்து மடங்கு அழுத்தம்.
பத்து வருடம் பொறுத்துப் பார்க்கிற வாயு இல்லை இது;
மரை தளர்ந்தால் அன்றே கத்தும்.
எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் நைட்ரஜன் ஏற்றி மூடினோம்.
விடியும்வரை முள் அசையக் கூடாது.
கவிழ்த்த பால் கூடைமேல் உட்கார்ந்தேன்.
இரண்டு மணிக்கு ஸெனோன் வந்து
இன்னொரு கூடையைக் கவிழ்த்தார்.
எண் எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டார்.
சொன்னேன்.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலரைக்கு ரிமாஸ் பேனாவை நீட்டினான்.
ஆறு ஆகட்டும் என்றேன்.