வாசல் டியூட்டி

கல்லறைத் தோட்டத்தில் காட்டெருமை புகுந்த மறுவாரம்
சேகரக் கமிட்டி எங்கள் நால்வருக்கும்
பச்சைக் கோட்டும் டார்ச்சும் கொடுத்தது.
கூடவே ஒரு தாள்:
உள்ளே விடக்கூடாத பெயர்கள்.

மூன்றாவது, எப்சிபா.
தாலி இல்லாத குடித்தனம்.

கோத்தகிரி டீ பேக்டரியில்
ராத்திரி ஷிப்ட் முடித்து
உறைபனி மிதித்து வந்திருக்கிறாள்,
கையில் காணிக்கைக் கவர்.
"பாட்டு கேட்டாப் போதும்ணே,
இங்கேயே நிக்கிறேன்."

தலைக்குமேல் கேமரா.
மாட்டியவன் நான்தான்.
வெஸ்ட்ரியிலும் ஒன்று மாட்டினேன்,
பொருளாளர் சொன்ன கோணத்தில்:
ஜன்னல் தெரியும், அங்கி தொங்கும் ஆணி தெரியும்,
காசு எண்ணும் மேசை தெரியாது.

உள்ளே பத்துக் கட்டளை.
ஏழாவதுக்குச் சபை சொன்ன பதிலில்
கதவே அதிர்ந்தது.
எட்டாவதுக்கு
எனக்கு வாய் வரவில்லை.

"உள்ள போம்மா" என்றேன்.
"கவரை மட்டும்
நீயே வச்சுக்கோ."